கடைமடையில் இணைய வேகம்

100 எம்பிபிஎஸ் பிளான் போட்ட வீட்டில் ஒரு பெரிய கோப்பை இறக்கினால் திரையில் 11 அல்லது 12 என்றுதான் எண் ஓடும். காசு வாங்கிக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று கேபிள்காரருக்குப் போன் பறக்கும். அவர் மேல் குற்றமில்லை. இணைய நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் விற்கின்றன; கம்ப்யூட்டர் அதை மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 100ஐ எட்டால் வகுத்தால் 12.5 வரும். ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் தலையிலும் ஒட்டப்படும் முகவரிக் குறிப்புகளுக்குக் கொஞ்சம் போக, 11.5 வந்தாலே இணைப்பு முழு வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். இந்த வேகத்தில், சுமார் 6 ஜிபி வரும் உபுண்டு லினக்ஸ் கோப்பு ஒன்பது நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டும். அரை மணி நேரம் ஆகிறது என்றால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது.

அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. மண்டபத்தூர், காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய மீனவர் ஊர், காவிரிக்குக் கடைமடை. மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும், வழியிலுள்ள மிகக் குறுகிய மதகு விடுகிற தண்ணீர்தான் கடைசி வயலுக்கு வரும். டவுன்லோட் வேகமும் அப்படியே. கோப்பு இருக்கும் சர்வர், கடலடி கேபிள், சென்னை, காரைக்கால், தெருக் கம்பம், வீட்டுப் பெட்டி, வைஃபை, கம்ப்யூட்டர் என்ற வரிசையில் எது குறுகலோ அது வைத்ததுதான் சட்டம். குறுகலான இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் கைவைப்பதால்தான் இணைய வேகத்துக்குச் சொல்லப்படும் வைத்தியங்களில் பெரும்பாலானவை பலிப்பதில்லை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. டெலிபோன் கம்பியில் டயல் செய்து நுழைந்த அந்தக் காலத்தில், 56 கிலோபிட் மோடம் முழு வேகத்தில் ஓடினாலும் இன்றைய உபுண்டு கோப்பை இறக்கப் பத்து நாள் ஆகியிருக்கும். 2004இல் வந்த மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை 256 கிலோபிட் வேகத்தையே பிராட்பேண்ட் என்று ஏற்றுக்கொண்டது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்தது. அதன் பிளான் ஒன்றில் பகலில் அளவுக் கட்டுப்பாடு; இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கட்டுப்பாடு கிடையாது. ஒரு தலைமுறை மாணவர்கள் டவுன்லோட் மென்பொருளில் ‘ஷெட்யூலர்’ என்ற பகுதி இருப்பதைத் தெரிந்துகொண்டது இதனால்தான். 2 மணிக்குத் தானே தொடங்கி 8 மணிக்கு முன் தானே நிற்கும்படி வைத்துவிட்டுத் தூங்கலாம். நிறுத்த மறந்தால் மாதக் கடைசியில் பில் பேசும். பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச வேகம் 2013இல் 512 கிலோபிட்டாகவும், 2023இல்தான் 2 மெகாபிட்டாகவும் உயர்ந்தது.

டேட்டாஒன் வந்தது செம்புக் கம்பியில். கடற்கரை ஊரில் செம்புக்கு ஆயுள் குறைவு. உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பிடிக்கும். மழை பெய்தால் கம்பத்துப் பெட்டிக்குள் ஈரம் இறங்கும். போனில் கரகர சத்தம் கேட்கும். மோடம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃபைபர் இழை கண்ணாடி என்பதால் அதற்குத் துருவும் இல்லை, இடியினால் மின்னழுத்தம் பாய்வதும் இல்லை. ஆனால் காற்றில் விழும் தென்னை மட்டையும், உயரமாகச் சுமை ஏற்றிய லாரியும், கம்பத்தில் தொங்கும் எந்தக் கம்பியையும் விட்டுவைப்பதில்லை.

இன்று வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பெரும்பாலானது ஜிபான் என்ற தொழில்நுட்பம். நிறுவனத்தின் முனையிலிருந்து ஒரே இழையில் நொடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட் புறப்படும். வழியில் மின்சாரமே தேவைப்படாத ஒரு சிறு பிரிப்பான் அதன் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடும். 64 வீடும் ஒரே நேரத்தில் 100 மெகாபிட் கேட்டால் 6.4 ஜிகாபிட் வேண்டும். எல்லோரும் ஒன்றாகக் கேட்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காணும். விடியற்காலையில் வேகம் நன்றாக இருந்து ராத்திரியில் மட்டும் படுத்தால், வீட்டில் எதை மாற்றியும் பயனில்லை.

வீட்டுச் சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும். விளக்கு பச்சையாக இருந்தும் தடுமாறினால் பெட்டியின் உள்பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, வந்துசேரும் ஒளியின் அளவைப் பார்க்கலாம். அது டிபிஎம் கணக்கில் கழித்தல் குறியோடு இருக்கும். கழித்தல் 15 முதல் 25 வரை இருந்தால் நலம். கழித்தல் 27ஐத் தாண்டினால் பெட்டி ஒளியைப் பிடிக்கத் திணறுகிறது. இழை கூர்மையாக மடங்கியிருக்கலாம். முனையில் தூசி படிந்திருக்கலாம். ஒட்டுப்போட்ட இடம் சரியில்லாமல் இருக்கலாம். ஃபைபரைக் கரண்ட் வயர் போல ஆணியில் இறுக்கிச் சுற்றி வைப்பது வீடுகளில் சாதாரணமாகக் காணும் தவறு.

பெட்டி வரை எல்லாம் சரி என்றால் அடுத்த சந்தேகம் வைஃபை மேல் விழ வேண்டும். வீட்டு இணைப்புகளில் மிகக் குறுகலான மதகு பெரும்பாலும் இதுதான். கேபிள்காரர் வாசல் பக்கம் துளை போட்டு, டிவிக்குப் பின்னால் பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். கம்ப்யூட்டர் இரண்டு கான்கிரீட் சுவரும் ஒரு இரும்பு பீரோவும் தாண்டி உள்ளறையில் இருக்கும். வீட்டு வைஃபையில் பொதுவாக இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. ஒற்றை ஆன்டெனா உள்ள பழைய லேப்டாப் அதில் அதிகபட்சம் 72 மெகாபிட் இணைப்பைத்தான் பெறும். கோப்பு இறங்குவது அதில் பாதி வேகத்தில். 5 கிகாஹெர்ட்ஸ் பல மடங்கு வேகமானது, ஆனால் இரண்டாவது சுவரிலேயே களைத்துவிடும். பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களும் 2.4இல் ஒரே சேனலில் கத்திக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் நஷ்டம். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலியைப் போட்டுப் பார்த்து, காலியாக உள்ளதை ரவுட்டரில் தேர்ந்தெடுக்கலாம்.

பெரிய கோப்புகளை அடிக்கடி இறக்கும் கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஒரு லேன் வயர் போதும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: விலை குறைந்த பெட்டிகளில் சில துளைகள் 100 மெகாபிட் வகை. 200 எம்பிபிஎஸ் பிளான் வாங்கி அதில் சொருகினால் ஸ்பீட் டெஸ்ட் 94இல் நிற்கும். வயரில் எட்டு இழைக்குப் பதில் நான்குதான் பிடித்திருந்தாலும் இதே 94தான் வரும். ஸ்பீட் டெஸ்டில் 94 என்ற எண்ணைக் கண்டால் நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் துளையையும் வயரையும் மாற்றிப் பார்ப்பது நல்லது.

வீட்டுக்கு வெளியே தூரமும் ஒரு தடை. அனுப்புகிற சர்வர் கொஞ்சம் தரவை அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். பதில் வராமல் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அந்த எல்லை சாதாரணமாக 64 கேபிக்கு மேல் போகாது. அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பக் கால் நொடி என்றால், நொடிக்கு நான்கு முறை 64 கேபி, அதாவது 256 கேபி. பிளான் எவ்வளவு பெரியதானாலும் ஒரு இணைப்பில் 2 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்காது. ஒரே கோப்பைப் பல துண்டாக்கி, பல இணைப்பில் இழுக்கும் இன்டர்நெட் டவுன்லோட் மேனேஜர் போன்ற மென்பொருள்கள் மந்திரம் போலத் தோன்றியது இதனால்தான். விஸ்டாவுக்குப் பிறகு விண்டோஸ் அந்த எல்லையைத் தானே பெரிதாக்கிக்கொள்கிறது. ஆகவே இன்று இந்தியாவுக்குள் அதே கோப்பின் நகலை வைத்திருக்கும் மிரர் சர்வரிலிருந்து இறக்கினால் பிரவுசரே போதும்.

எக்ஸ்பி காலத்து வைத்தியங்களில் சில இன்னும் வீடியோக்களில் உலாவுகின்றன. விண்டோஸ் உங்கள் இணைய வேகத்தில் 20 சதவீதத்தைத் தனக்காக ஒதுக்கிக்கொள்கிறது, அந்த அமைப்பைப் பூஜ்ஜியமாக்கினால் வேகம் கூடும் என்பது அவற்றில் மிகப் பிரபலம். அது உண்மையல்ல என்று மைக்ரோசாஃப்ட்டே அப்போதே விளக்கிவிட்டது. முன்னுரிமை கேட்கும் மென்பொருள் ஓடும்போது மட்டும் பொருந்தும் விதி அது, மற்ற நேரத்தில் முழு வேகமும் எல்லோருக்கும் கிடைக்கும். டிஎன்எஸ் மாற்றுவதும் ஏறக்குறைய இப்படித்தான். தளத்தின் முகவரியைக் கண்டுபிடிப்பது சற்று வேகமாகலாம். கோப்பு இறங்கத் தொடங்கிய பிறகு டிஎன்எஸ்ஸுக்கு அங்கே வேலை இல்லை.

ஏறும் பாதை அடைத்தால் இறங்குவதும் நிற்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கோப்பு இறங்கும்போது, வந்து சேர்ந்தது என்ற பதில்கள் வீட்டிலிருந்து மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும். பழைய டெலிபோன் கம்பி பிராட்பேண்டில் 8 மெகாபிட் இறங்கினால், நொடிக்கு சுமார் 660 பொட்டலம். இரண்டு பொட்டலத்துக்கு ஒரு பதில் என்றாலும் அவை மட்டுமே 280 கிலோபிட் அளவுக்கு அப்லோட் பாதையைப் பிடிக்கும். மொத்த அப்லோடே 512 கிலோபிட் என்றால் பாதிக்கு மேல் போய்விட்டது. அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் கல்யாண வீடியோவை ஏற்றத் தொடங்கினால், பதில்கள் வரிசையில் நின்று தவிக்கும். அங்கே சர்வர் பதில் வரவில்லையே என்று அனுப்புவதைக் குறைக்கும். ஃபைபர் பிளான்கள் பலவற்றில் அப்லோடும் டவுன்லோடுக்குச் சமம் என்பதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. வானலை வழியே வரும் ஏர்ஃபைபர் இணைப்புகளில் அப்லோட் குறைவாகவே இருப்பதால் அங்கே இன்னும் உண்டு. கோப்புப் பகிர்வு மென்பொருளில் இது கூடுதலாகத் தலைகாட்டும். அந்த மென்பொருள் இறக்கும்போதே ஏற்றவும் செய்கிறது.

டோரன்ட் என்று எல்லோரும் சொல்லும் பிட்டோரன்ட் முறையை அமெரிக்காவைச் சேர்ந்த பிராம் கோஹன் 2001 ஜூலையில் வெளியிட்டார். ஒரு சர்வரிலிருந்து ஆயிரம் பேர் இழுத்தால் சர்வர் திணறும். டோரன்டில் கோப்பு சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒரு துண்டு கிடைத்தவர் அதை உடனே மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்குகிறார். கூட்டம் கூடக்கூட வேகமும் கூடும். யாரிடமும் அதிகம் இல்லாத அரிய துண்டை முதலில் இழுப்பது இதன் விதி. அதனால் எந்தத் துண்டும் கூட்டத்திலிருந்து எளிதில் காணாமல் போவதில்லை.

கொடுப்பவருக்கே கொடுப்பது இன்னொரு விதி. தனக்கு அதிக வேகத்தில் தருகிற சிலருக்குத்தான் மென்பொருள் திருப்பித் தரும். பத்து நொடிக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, தராதவரைக் கைவிடும். முப்பது நொடிக்கு ஒருமுறை மட்டும், புதிதாக வந்த யாரோ ஒருவருக்கு நம்பிக்கையின் பேரில் கொடுத்துப் பார்க்கும். கஞ்சத்தனமாக அப்லோட் வேகத்தை 5 கேபி என்று கட்டிவைத்தால் டவுன்லோட் படுப்பது இதனால். கட்டுப்பாடே வைக்காமல் விட்டால் முன்பு சொன்ன பதில்கள் நெரிசலில் சிக்கும். இரண்டுக்கும் நடுவே, ஸ்பீட் டெஸ்ட் காட்டும் அப்லோட் வேகத்தில் சுமார் 80 சதவீதத்தை எல்லையாக வைப்பது பல காலமாகக் கையாளப்படும் அளவு. ஸ்பீட் டெஸ்ட் மெகாபிட், மென்பொருள் கேபி. எட்டால் வகுக்க மறந்தால் எல்லை வைத்தும் வைக்காததுபோல்தான்.

டோரன்டில் அடுத்த சிக்கல், துண்டு கேட்டு வருபவர்கள் வெளியிலிருந்து வீட்டுக் கதவைத் தட்ட முடியாதது. உலகத்தில் ஐபிவி4 முகவரிகள் சுமார் 430 கோடிதான். மைய இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கான இருப்பு அதே ஆண்டு ஏப்ரலில் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. அதனால் இந்திய நிறுவனங்கள் பலவும் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ரவுட்டரின் உள்பக்கத்தில் வேன் (WAN) என்ற வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் அந்த வீடு இந்தப் பங்கீட்டில் இருக்கிறது. அப்போது ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் எவ்வளவு செய்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. இரண்டு பேருமே இப்படிப்பட்ட வீட்டில் இருந்தால் பெரும்பாலும் அவர்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. இதற்கு மலிவான விடை ஐபிவி6. அதில் முகவரிப் பஞ்சம் இல்லை. இந்தியாவின் பெரிய நிறுவனங்கள் அதைத் தருகின்றன. ரவுட்டரில் அது அணைந்து கிடந்தால் இயக்கி, டோரன்ட் மென்பொருளின் போர்ட்டை ஃபயர்வாலில் அனுமதித்தால் கதவு திறக்கும். சொந்தமாக நிலையான ஐபி முகவரியைக் கூடுதல் கட்டணத்துக்கு வாங்குவது இன்னொரு வழி. லினக்ஸ் கோப்பு இறக்க அது அதிகப்படி.

மென்பொருளைப் பொறுத்தவரை க்யூபிட்டோரன்ட், டிரான்ஸ்மிஷன் இரண்டும் இலவசம், திறந்த மூலம், விளம்பரம் இல்லாதவை. ஒரு காலத்தில் எல்லோரும் வைத்திருந்த மியூடோரன்ட், 2015இல் கூடவே கிரிப்டோ நாணயம் தோண்டும் ஒரு மென்பொருளையும் கம்ப்யூட்டர்களில் இறக்கி வைத்ததாகப் பயனர்கள் கொதித்தெழுந்த பிறகு பெயர் கெட்டது. எதைப் போட்டாலும் மொத்த இணைப்பு எண்ணிக்கையை ஐநூறுக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஆயிரக்கணக்கில் வைத்தால் வேகம் கூடும் என்று தோன்றும். ஆனால் விலை குறைந்த ரவுட்டர் ஒவ்வொரு இணைப்பையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பாரம் தாங்காமல் வீடு முழுக்க நெட் நிற்கும். ஒரே நேரத்தில் இருபது கோப்பைத் தொடங்குவதைவிட இரண்டு மூன்றாக வரிசையில் விடுவது மேல். பழைய 6881 போர்ட்டைச் சில நிறுவனங்கள் குறிவைத்து மெதுவாக்கியதுண்டு. 49152க்கு மேல் ஏதாவது ஓர் எண் நல்லது. கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால், சேமிக்கும் பென் டிரைவ் ஃபேட்32 வகையில் இருக்கக் கூடாது. அதில் அவ்வளவு பெரிய ஒற்றைக் கோப்பை வைக்கவே முடியாது. பெரிய கோப்பு இறங்காமல் பிழை காட்டினால் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

டோரன்டில் முறையாகக் கிடைப்பது நிறைய. டெபியன், உபுண்டு, லிப்ரேஆபீஸ் எல்லாம் தங்கள் கோப்புகளை இப்படியும் தருகின்றன. இன்டர்நெட் ஆர்கைவ் 2012 முதல் தன் சேமிப்பை டோரன்டாகவும் வழங்குகிறது. கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் விக்கிப்பீடியா முழுவதையும் இறக்கி நெட் இல்லாமல் படிக்கலாம். மண்டபத்தூருக்குப் பக்கத்திலுள்ள திருவேட்டக்குடியில் என்ஐடி புதுச்சேரி இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் நடமாடும் பகுதியில் இவற்றுக்குத் தேவையும் உண்டு. ஆனால் டோரன்ட் என்றதும் ஊரில் நினைவுக்கு வருவது புதுப்படம்தான். இறக்கும்போதே மற்றவருக்கு ஏற்றுவதால், திருட்டுப் படம் இறக்குபவர் சட்டப்படி அதை விநியோகிப்பவராகவும் ஆகிறார். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் உண்டு.

2012இல் தனுஷ் நடித்த ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெறப்பட்ட தடையுத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் டோரன்ட் தளங்களோடு விமியோ போன்ற முறையான வீடியோ தளத்தையும் மொத்தமாக மூடிவிட்டன. அன்று தளம் திறக்கவில்லை என்று ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள். 2012 ஜூன் 22 அன்று நீதிமன்றம், படம் இருக்கும் குறிப்பிட்ட பக்கத்தை மட்டுமே தடுக்க வேண்டும், தளம் முழுவதையும் அல்ல என்று தெளிவுபடுத்தியது. ஒரு தளம் மட்டும் திறக்காமல் மற்றவை வேகமாக ஓடினால் அது வேகப் பிரச்சினை அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கடைசியாக மின்சாரம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையும் சேர்ந்தால் கடற்கரையில் கரண்ட் போவது வாடிக்கை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வந்தபோது டெல்டாவின் பல பகுதிகளில் மின்கம்பங்களே சாய்ந்தன. சாதாரண மின்வெட்டுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை ஃபைபர் பெட்டிக்குக் கொடுத்தால் போதும். ஜிபான் பாதையில் நடுவே மின்சாரம் தேவைப்படும் கருவி இல்லை என்பதால், நிறுவனத்தின் முனை உயிரோடு இருக்கும்வரை நெட் வரும். உள்ளூர்க் கேபிள்காரர் நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்துப் பிரித்திருந்தால், அவர் பேட்டரி தீர்ந்ததும் நெட்டும் போகும். அப்படி நின்றாலும் டோரன்டில் நஷ்டம் குறைவு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. கம்ப்யூட்டர் மீண்டும் வந்ததும் ‘ஃபோர்ஸ் ரீசெக்’ கொடுத்தால், மென்பொருள் டிஸ்கில் உள்ளதை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, எழுதும்போது அறுந்துபோன துண்டுகளை மட்டும் திரும்ப இறக்கிக்கொள்ளும்.